எட்டு மணி வெந்நீர்

சரியாக எட்டு மணிக்கு 'டக்' என்றது. அவள் உடனே பலமாக இருமினாள். இருமல் கிருமல் ஒன்றும் கிடையாது. கூடத்தில் முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் காதில் அந்த 'டக்' விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவன் நிமிர்ந்து பார்த்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னான். குடித்தாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. எட்டரைக்கு வரவேண்டிய இரண்டாவது 'டக்' வரவே இல்லை. எட்டு முப்பத்தைந்து ஆயிற்று, எட்டு நாற்பது ஆயிற்று. குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். தண்ணீரா அது? உலை கொதிக்கிற சூடு. குபுகுபுவென்று ஆவி எழும்பி முகம் பார்க்கும் கண்ணாடியை மூடிவிட்டது. மேலே ஹீட்டரின் சிவப்பு விளக்கு, எனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல எரிந்துகொண்டிருந்தது.

குளியலறைக் கதவுக்கு வெளியே சுவரில் ஒரு டைமர் உண்டு. உள்ளங்கை அகலம். இருபத்து நான்கு மணி நேரமும் எண்ணாகப் பொறித்த ஒரு வட்டத் தகடு, அதன் விளிம்பில் மணிக்கு நான்கு என்று வெள்ளை வெள்ளையாகக் குட்டி முளைகள். எந்த நேரத்துக்கு வெந்நீர் வேண்டுமோ அந்த நேரத்து முளையை அமுக்கிவிட வேண்டும். தகடு கடிகாரம் மாதிரி மெதுவாகச் சுற்றும். அமுக்கிய முளை அம்புக்குறிக்கு நேரே வந்ததும் 'டக்' என்று ஹீட்டர் எரியும், முளை தாண்டியதும் 'டக்' என்று அணையும். அந்தத் தகடு இப்போது எட்டு இருபதில் நின்றுபோயிருந்தது. திருகிப் பார்த்தாள், அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் திருகினாள். உள்ளே எதுவோ கடித்துக்கொண்டு நின்றது. நின்றதுதான் நின்றது, வேறு நேரமா கிடைக்கவில்லை? கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல அவளுக்கு வியர்த்துவிட்டது.

ஏன் என்று கேட்டால், அந்த வீட்டில் எட்டு மணிக்கு ஹீட்டர் எரிய வேண்டிய வேலையே இல்லை. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. அவன் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் ஐந்தரை மணி வெந்நீரில் குளித்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் இன்றைக்குப்போல லீவு போட்ட நாளும் தவிர, எட்டு மணிக்கு வீட்டில் ஈ, காக்கை இருக்காது. ஆனாலும் இரண்டு வருஷமும் நான்கு மாதமுமாகத் தினம் தவறாமல் எட்டு மணிக்கு அந்தக் குளியலறையில் வெந்நீர் காய்ந்தது. அமுக்கிவைத்தவள் அவள்தான்.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இவர்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பம் போட்டிருந்தார்கள். உங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறிவிட்டது என்று கடிதம் வந்த அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும், தொட்டில் வாங்கலாம் என்றால் அது ரொம்ப முந்திரிக்கொட்டைத்தனம். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது: காலையில் எட்டு மணிக்குக் குளிப்பாட்டிவிட்டால் பிள்ளை மதியம் வரைக்கும் அடித்துப்போட்டாற்போலத் தூங்கும். நேரே டைமரிடம் போனாள். எட்டு, எட்டேகால், இரண்டு முளைகளையும் அமுக்கினாள். மறுநாள் எடுத்துவிடலாம் என்றுதான் அமுக்கினாள். மறுநாள் கடையில் ஒரு லென்ஸைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தபோது கடிகாரத்தில் எட்டு ஆயிற்று. இப்போது 'டக்' என்றிருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு நெஞ்சுக்குள் ஒரு குளுமையாக இறங்கியது. அப்புறம் எங்கே எடுப்பது?

கணவனிடம் சொல்லவில்லை. சிரிப்பான் என்று ஒரு வெட்கம். அவனும் கண்டுபிடிக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கை கிரீஸைக் கழுவும்போதெல்லாம், விடிகாலையில் சுட்ட தண்ணீர் இன்னும் எப்படி வெதுவெதுவென்று இருக்கிறது பார், நல்ல டேங்க், நம் காசு வீண்போகவில்லை என்று பூரித்துப்போவான். கரண்ட் பில் ஏறினபோது குளிர்சாதனப் பெட்டிதான் திருடன் என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதன் கதவு ரப்பரை மாற்றினான். உலகத்து லிஃப்டெல்லாம் இவன் கையில் ஏறி இறங்குகிறது, வீட்டுச் சுவரில் இருக்கிற இரண்டு முளை இவன் கண்ணில் படவில்லையே என்று அவள் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இன்றைக்குப் பத்தரை மணிக்கு டிக்கம்மா வருகிறார்.

டிக்கம்மா என்பது இவர்களாக வைத்த பெயர். குழந்தைகள் நல அலுவலகத்து அதிகாரி. வீட்டுக்கு வந்து, கையிலிருக்கும் படிவத்தில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, சிவப்புப் பேனாவால் டிக் போடுவார். சிரிக்க மாட்டார். தண்ணீர் தவிர ஒன்றும் வாங்கிக் குடிக்க மாட்டார். குழந்தை ஆணா பெண்ணா, எத்தனை மாதம், எப்போது, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: கடிதம் வரும். போன தடவை வந்தபோது முப்பத்திரண்டு வரியில் முப்பத்தொன்றுக்கு டிக் விழுந்தது. பதினேழாவது வரிக்கு வந்தபோது கரண்ட் போய்விட்டது. ஹீட்டரைப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றைய வருகை. இதையும் தவறவிட்டால் மறு தேதி மூன்று மாதம் கழித்து. அதற்குள் வரிசையில் அடுத்து நிற்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதுதான் விதி.

அந்தப் பதினேழாவது வரியில், பட்டியலில் ஏறுவதற்கு முன்பே, அவள் கணவன் தன் கோழிக்கால் கையெழுத்தில் பெருமையாக எழுதியிருந்தான்: 'ஹீட்டர் டைமரில் இயங்குகிறது. வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டுமே எரியும்.' படிவத்தின் கடைசியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது, தவறான தகவல் தந்தால் விண்ணப்பம் ரத்து என்று. தினமும் ஆளில்லாத வீட்டில் எட்டு மணிக்கு எரிகிற ஹீட்டரை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் எப்படி இருக்கும்?

ஆவியைப் பார்த்துவிட்டுக் கணவனும் ஓடிவந்தான். அவள் சட்டென்று டைமரைத் தன் உள்ளங்கையால் மூடினாள். சூடாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு பாவனை. அவன் மெயின் ஸ்விட்சை அணைத்தான். உள்ளே பல் ஒன்று உடைந்து சிக்கியிருக்கும் என்றான். திருப்புளியை எடுத்துவந்து இரண்டு நிமிஷத்தில் டைமரைச் சுவரிலிருந்து கழற்றினான். எட்டு மணிக்கு மேல் ஹீட்டர் ஏன் எரிந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதற்றத்தில் கவனிக்கவில்லை போலிருக்கிறது, கடவுள் கண்ணைத் திறந்தார் என்று அவள் நினைத்தாள். அதற்குள் சூடு தாங்காமல் வெந்நீர்க் குழாயின் வாஷரும் போய்ச் சொட்டச் சொட்ட ஒழுக ஆரம்பித்தது. ஒன்று கெட்டால் அதோடு நிற்குமா?

அவள் முந்திக்கொண்டாள். டைமர் வாங்க நான் போகிறேன், நீங்கள் குழாயைப் பாருங்கள் என்றாள். புதுசு வரும்போது முளையெல்லாம் மேலேதான் இருக்கும், ஐந்தரையை மட்டும் அமுக்கிவிட்டால் ரகசியம் ரகசியமாகவே போய்விடும் என்பது அவள் கணக்கு. அவன் பழைய டைமரைக் குப்புறத் திருப்பி, செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, அவள் கையில் கொடுத்தான்.

"அளவு தப்பாம வாங்கணும் மேடம். இதையே காட்டி வாங்குங்க. கடைக்காரர்கிட்ட மட்டும் பிரிச்சா போதும்."

சந்தோஷமாக இருந்தால் அவளை மேடம் என்பான், பயமாக இருந்தாலும் மேடம் என்பான். இது எது என்று யோசிக்க நேரமில்லை. மணி எட்டு ஐம்பத்தைந்து. செருப்பை மாட்டியதும் தெரியாது, படி இறங்கியதும் தெரியாது, பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்தது. அது ஊர்ந்த வேகத்துக்கு இறங்கித் தள்ளலாமா என்று இருந்தது. மடியில் செய்தித்தாள் பொட்டலம். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன, பலகாரமா என்று விசாரித்தாள். ஆமாம் என்று தலையாட்டிவைத்தாள்.

மின்சாமான் கடைக்காரர் அப்போதுதான் கதவை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். ஒல்லி மனிதர், காதில் பென்சில். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. பொட்டலத்தைப் பிரித்து, டைமரைக் கண்ணுக்கு வெகு கிட்டத்தில் கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், மறுபடி கிட்டக் கொண்டுவந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியைக் கொடுங்கள் என்று வாங்கி, அவருடைய சின்னத் திருப்புளியாலேயே காதுப்பட்டைத் திருகை இறுக்கி, மூக்குப் பிடியை நிமிர்த்தி, துடைத்துக் கொடுத்தாள். எல்லாம் அரை நிமிஷம். போட்டுக்கொண்டவர் உலகமே இப்போதுதான் தெரிகிறது என்றார். உலகம் தெரிந்ததும் டைமரின் விளிம்பும் தெரிந்தது.

"இதை யாரும்மா இவ்வளவு தடவ திருப்பியிருக்காங்க?" என்றார்.

யாரும் திருப்பவில்லை, அது தானாக ஓடுகிறது என்றாள் அவள். அவர் அவளைப் பார்த்த பார்வை, நீ நிஜமாகவே கண்ணாடிக் கடையில்தான் வேலை செய்கிறாயா என்று கேட்பதுபோல இருந்தது.

"இந்த மாடல்ல பேட்டரி கிடையாதும்மா. கரண்ட் போனா நின்னுடும், வந்தா விட்ட இடத்துலேருந்து ஓடும். ஒரு மணி நேரம் கரண்ட் போனா ஒரு மணி நேரம் பின்தங்கிடும். ஒவ்வொரு தடவையும் ஆள்தான் திருப்பி நேரம் சரிபண்ணணும். பத்துல ஒம்போது வீட்டுல பண்ண மாட்டாங்க, அது பாட்டுக்குப் பகலை ராத்திரின்னு காட்டிட்டிருக்கும். இங்க பாருங்க, உங்களுது விளிம்பே மழுங்கிப்போயிருக்கு."

அவள் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தள்ளி நின்று பார்த்ததை இப்போது வெளிச்சத்தில், கையில் வைத்துப் பார்த்தாள். விளிம்பு முழுக்கப் பெருவிரல் ரேகை, கருப்பாக. கடைக்காரர் மை என்று நினைத்திருக்கலாம். அவளுக்குத் தெரியும். லிஃப்ட் கம்பிக் கயிற்றுக்குப் பூசுகிற கிரீஸ் அது. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது, அவன் சட்டைக் காலரில் அவள் தேய்த்துத் தேய்த்துத் தோற்றுப்போன கருப்பு. அவர்கள் பகுதியில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும். இத்தனை நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்த 'டக்' எட்டு மணியை விட்டு இப்படி அப்படி நகர்ந்தது கிடையாது.

அது மட்டுமா? ஐந்தரை மணி முளைகள் வெள்ளையாகவே இருந்தன. சுற்றிலும் தொண்ணூற்றுச் சொச்சம் முளையும் வெள்ளைதான். எட்டுக்கு நேரே இருந்த இரண்டு முளைகளின் தலை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. தகட்டைத் திருப்பி நேரம் வைத்த பிறகு, அமுங்கித்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் யாரோ அந்த இரண்டையும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அவளுக்குக் கடைப் பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பில், ரப்பர், நல்ல டேங்க், குப்புறத் திருப்பிச் செய்தித்தாளில் சுற்றியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இரண்டு வருஷமாக யார் யாரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்? எமகாதகன். ஒரு வார்த்தை, ஒரு சாடை காட்டியிருப்பானா?

அதே அளவில் பேட்டரி வைத்த டைமர் இருக்கிறது, கரண்ட் போனாலும் நிற்காது, யாரும் திருப்ப வேண்டியதில்லை என்றார் கடைக்காரர். அதையே வாங்கினாள். அந்தக் கைக்கு இனிமேலாவது ஓய்வு கிடைக்கட்டும். கண்ணாடி இறுக்கியதற்குக் கூலியாக அவர் இரண்டு திருகுகளை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஒரே சமயத்தில் அழுகையும் சிரிப்பும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இரண்டையும் செய்தாள். இத்தனை சந்தோஷத்தை நெஞ்சு தாங்குமா என்று இருந்தது, அடுத்த நிமிஷமே பயம் வந்து மேலே ஏறி உட்கார்ந்தது. அதிகாரிக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். ஐந்தரைக்கு இரண்டு முளை, பதினேழாவது வரிக்கு ஒரு டிக், காரியம் முடிந்தது. அவர் போன பிறகு அந்த மனுஷனை இழுத்து உட்காரவைத்து ஒரு பிடி பிடிக்க வேண்டும். இறங்கி நடக்கவில்லை, ஓடினாள். பத்தே கால் ஆகியிருந்தது.

வீட்டு வாசலில் கருப்புச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. டிக்கம்மா முன்னாடியே வந்துவிட்டார்.

கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் படிவம், விரலிடுக்கில் சிவப்புப் பேனா, பக்கத்தில் தண்ணீர். கணவன் முழுக்க நனைந்த சட்டையோடு நின்றிருந்தான். டைமர் காலையில்தான் பழுதானது, புதுசு வந்துகொண்டிருக்கிறது என்று இருந்தது இருந்தபடி சொல்லியிருந்தான். சரி, மாட்டுங்கள், பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் சுவரில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச வழியில்லை. அவள் புது டைமரை அவன் கையில் கொடுத்தபோது, கிரீஸ் ஏறிய அந்தப் பெருவிரலை மட்டும் ஒரு அழுத்து அழுத்தினாள். அவன் ஒன்றும் புரியாமல் முழித்தான்.

மெயினை அணைத்தான். கம்பிகளைச் சொருகினான். திருகினான். சும்மா சொல்லக்கூடாது, தொழில் என்று வந்துவிட்டால் அவன் கை நடுங்காது. பத்து நிமிஷத்தில் டைமர் சுவரில் உட்கார்ந்தது. மெயினைப் போட்டான். டிக்கம்மா எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் தகட்டைத் திருப்பிப் பத்து முப்பதுக்கு நேரம் வைத்தான். ஐந்தரை முளையை அமுக்கினான். ஐந்தே முக்காலை அமுக்கினான். அப்பாடா என்று அவள் மூச்சை விடப்போன நேரம்.

அவன் கை அங்கே நிற்கவில்லை. வாரத்துக்கு மூன்று தடவை, இரண்டு வருஷமும் நான்கு மாதமும் பழகின கை. அது பாட்டுக்கு எட்டுக்குப் போயிற்று. பெருவிரல் ஒரு முளையை அமுக்கியது, அடுத்ததையும் அமுக்கியது, அமுங்கித்தான் இருக்கிறதா என்று இரண்டையும் ஒருமுறை தடவிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கைக்குச் சொந்தக்காரனுக்கு விஷயம் உறைத்தது. புத்தம் புதிய இரண்டு முளைகளின் தலையிலும் கருப்பாக ரேகை பதிந்திருந்தது.

டிக்கம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தகட்டைப் படித்தார். படிவத்தைத் திருப்பினார். பதினேழாவது வரியில் பேனா நின்றது.

"ஆள் இருக்கும்போது மட்டுமே எரியும்னு எழுதியிருக்கு. ஏழு மணிக்கு ரெண்டு பேரும் கிளம்பிடறதாவும் எழுதியிருக்கு. எட்டு மணிக்கு வீட்டுல யார் இருக்காங்க?"

"நான்தான் வச்சேன்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

அவள் சொன்னாள். கடிதம் வந்த நாள், அக்காவின் குழந்தை, நர்ஸ், மறுநாள் எடுத்துவிடலாம் என்று நினைத்தது, கடையில் எட்டு மணி ஆகும்போது கடிகாரத்தைப் பார்ப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். முதல் வாக்கியம்தான் கஷ்டமாக இருந்தது, அப்புறம் அணை உடைந்தாற்போல வந்தது. பொய் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் இன்றைக்கு மறைக்க நினைத்தேன் என்பதையும் சொன்னாள். கணவன் பார்வையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அவள் முடித்ததும் அவனாகவே ஆரம்பித்தான்.

"எழுதினப்ப அது பொய் இல்லீங்க. பட்டியல் கடிதம் வந்த வாரமே கரண்ட் போச்சு, நேரம் வைக்கப் போனேன், பார்த்தேன். கை தவறிப் பட்டிருக்கும்னு எடுக்கத்தான் போனேன்." கிரீஸ் கையை நனைந்த சட்டையிலேயே துடைத்தான். "ஞாயித்துக்கிழமை நான் தூங்கறதா நினைச்சுக்கிட்டு இவங்க இந்தக் கதவுகிட்ட வந்து நிப்பாங்க. டக்குன்னு சத்தம் வந்ததும் இவங்க முகத்தைப் பார்க்கணும் நீங்க. அதை நான் எப்படிங்க அணைக்கிறது?"

புதிய வாஷர் போட்ட குழாய்கூட ஒரு சொட்டுச் சொட்டவில்லை. அந்த வரியை அடித்துவிடுங்கள், பொய் பொய்தான் என்று அவன் மெல்லச் சொன்னான். அவள் அவன் ஈரச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் இவனோடு இருந்தது போதாது என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

டிக்கம்மா அந்த வரியை அடித்தார். நேராக, சிவப்பாக, ஒரே கோடு. அடித்த வரிக்கு மேலே பொடி எழுத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கத் துணிவில்லை. பிறகு குளியலறைக்குள் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து, கையை நீட்டி, கொஞ்ச நேரம் நின்றார். மூடினார். கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பேனாவை மூடினார், படிவத்தைப் பைக்குள் வைத்தார், பையின் ஜிப்பை இழுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு யுகம் ஆயிற்று.

"கடிதம் வரும்" என்றார், எப்போதும்போல.

இருவரும் தலையாட்டினார்கள். வேறென்ன செய்வது? வாசல்வரைக்கும் கூடவே போனார்கள். அவர் குனிந்து செருப்பை மாட்டினார். ஒரு கால் மாட்டியாயிற்று. மறு காலை மாட்டும்போது, நிமிராமலே, செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அந்த ரெண்டு முளையையும் பதினொண்ணுக்கு மாத்தி வைங்க. எட்டு மணிக்கு அவ தூங்கிட்டிருப்பா."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

'அவ' என்ற அந்த இரண்டெழுத்துச் சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அவள்தான் முதலில் உள்ளே ஓடினாள். அவன் பின்னாலேயே ஓடிவந்து ஈரத் தரையில் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றான். எட்டில் இருந்த இரண்டு முளைகளையும் அவள் எடுத்துவிட்டாள். பதினொன்றில் ஒன்றை அவள் அமுக்கினாள், மற்றதை அவன் அமுக்கினான். அமுங்கித்தான் இருக்கிறதா என்று இருவரும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்கள்.

அம்புக்குறி பத்தே முக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம். செய்ய வேண்டிய வேலை ஆயிரம் கிடந்தது. இருவரும் குளியலறை வாசலிலேயே, ஈரத்தில், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள்.